இடைவேளையில் யார் முன்னிலை? கல்லூரிக் கூடைப்பந்தில் நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

2018 மார்ச் 16 இரவு, வட கரோலினாவின் ஷார்லட் நகரில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கூடைப்பந்துத் தொடரில், வர்ஜீனியா அணியும் மேரிலாந்தின் யூ.எம்.பி.சி. பல்கலைக்கழக அணியும் மோதின. வர்ஜீனியா அந்தத் தொடரிலேயே முதல் தர அணி. எதிரணி அதன் பிரிவில் 16ஆம் இடத்தில், அதாவது கடைசியில், வைக்கப்பட்டது. முடிவு பலருக்கும் நினைவிருக்கும்: 74-54 என்று யூ.எம்.பி.சி. ஜெயித்தது. ஆண்கள் என்.சி.ஏ.ஏ. தொடரில் 16ஆம் இடத்து அணி முதலிடத்து அணியைத் தோற்கடித்தது அதுவே முதல் தடவை. எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஆட்டத்தின் இடைவேளை ஸ்கோர். 21-21. யார் முன்னிலை என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், யாருமில்லை என்பதுதான் பதில்.

இந்தக் கேள்வியை வைத்து இப்போது பணம் கைமாறுகிறது. எது நடக்கும் என்பதன் மீது ஒப்பந்தம் வாங்கி விற்கும் இடம் கணிப்புச் சந்தை; அப்படிப்பட்ட அமெரிக்கத் தளமான கல்ஷி 2025 ஜனவரியில் விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கியதிலிருந்து, ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்பதைத் தாண்டி இன்னும் சின்னச் சின்ன கேள்விகளுக்கும் சந்தை வந்துவிட்டது. இடைவேளையில் யார் முன்னிலை என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் நண்பர்கள் சிலர் மார்ச் மாதம் நெருங்கினாலே என்னிடம் கேட்பது இதுதான்: “கணிப்புச் சந்தையில் வாங்கலாமா, ஸ்போர்ட்ஸ்புக்கில் போடலாமா, இல்லை முழு ஆட்டத்தையே வாங்கி இடைவேளையில் விற்றுவிடலாமா?” (ஸ்போர்ட்ஸ்புக் என்றால் விளையாட்டுப் பந்தயம் எடுக்கும் நிறுவனம்.) பணமே வைக்காமல் கணிப்பது என்று நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அதையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதல் மூன்று வழிகளும் கிடையாது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தனிச் சட்டம் இருக்கிறது. கீழே வருவதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். இடைவேளையில் ஸ்கோர் சமமாக இருந்தால் என் பணம் என்ன ஆகும்? கட்டணம், விலை இடைவெளி (வாங்குகிறவர் சொல்லும் விலைக்கும் விற்கிறவர் சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் சேர்த்து உண்மையான செலவு எவ்வளவு? நடுவில் வெளியே வர முடியுமா? என் வயது, மாநிலம், விசா, வரி இவற்றுக்கு அது ஒத்துவருமா? கடைசியாக, அந்த வழியில் ஜெயிக்க நான் தெரிந்துவைத்திருக்க வேண்டியது என்ன?

இதில் ஐந்தாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பலர் நினைப்பது, “முழு ஆட்டத்தில் பலமான அணி முற்பாதியிலும் அதே அளவுக்குப் பலமானதுதானே?” என்று. அப்படி இல்லை. ஆட்டம் பாதியானால் அணியின் பலமும் பாதியாகிறது. ஆனால் தற்செயல் பாதியாவதில்லை, ஏறக்குறைய பத்தில் மூன்று பங்குதான் குறைகிறது. ஓர் அணி 6 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்புக்கும் நடப்பதற்கும் உள்ள வழக்கமான விலகலை 11 புள்ளி என்று எடுத்தால், அந்த அணி ஆட்டத்தை ஜெயிக்க வாய்ப்பு சுமார் 71 சதவீதம். அதே கணக்கை முற்பாதியின் 20 நிமிடத்துக்குப் போட்டால், இடைவேளையில் முன்னிலையில் இருக்க வாய்ப்பு சுமார் 63 சதவீதம்தான். சமநிலைக்கு 5 சதவீதம் போய்விடுகிறது. மீதி 32 எதிரணிக்கு.

இதோடு முற்பாதிக்கே உரிய சில பழக்கங்களும் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வீரர் வெளியே. அதனால் முற்பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கிய நட்சத்திர வீரரைப் பல பயிற்சியாளர்கள் இடைவேளை வரை பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். பிற்பாதியில் அவர் திரும்பி வந்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பார், ஆனால் உங்கள் ஒப்பந்தம் அதற்குள் முடிந்திருக்கும். நடுவரின் இரண்டு விசில் முழு ஆட்டத்தை மாற்றாமல் போகலாம். முற்பாதியை அது கட்டாயம் அசைக்கும். ஆகவே முதல் ஐந்து வீரர்களைவிட ஆறாவது, ஏழாவது, எட்டாவது வீரர்கள் யார் என்பது இங்கே முக்கியம். அதைப் பார்க்காமல் பெயர் பெற்ற அணி என்பதற்காக முற்பாதியில் பணம் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

## வழி 1: கணிப்புச் சந்தையில் இடைவேளை ஒப்பந்தம்

சந்தை இயங்கும் விதம் எளிமையானது. நீங்கள் சொன்னது நடந்தால் ஓர் ஒப்பந்தத்துக்கு 1 டாலர், நடக்காவிட்டால் பூஜ்யம். விலை 55 சென்ட் என்றால் சந்தை அதற்குச் சுமார் 55 சதவீத வாய்ப்புத் தருகிறது என்று அர்த்தம். எதிரே இருப்பது இன்னொரு வாடிக்கையாளர் அல்லது விலை வைத்து விற்கும் பெரிய வர்த்தக நிறுவனம். ஜெயிக்கிறவரை வெளியே தள்ளும் வேலை இங்கே இல்லை. அது பெரிய நல்ல விஷயம்.

சரி, செலவுக்கு வருவோம். கல்ஷியின் பொதுவான கட்டணச் சூத்திரம், ஓர் ஒப்பந்தத்துக்கு 0.07ஐ விலையாலும், ஒன்றிலிருந்து விலையைக் கழித்து வருவதாலும் பெருக்குவது. 50 சென்ட் விலையில் அது 1.75 சென்ட். 90 சென்ட்டில் 0.63 சென்ட்தான். நன்றாகக் கவனியுங்கள்: கட்டணம் உச்சத்தில் இருப்பது 50 சென்ட்டைச் சுற்றி. இடைவேளை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வந்து நிற்பதும் அதே இடத்தில்தான். முழு ஆட்டத்தில் 80 சென்ட்டில் இருக்கும் அணி, இடைவேளைக் கேள்வியில் எழுபதைச் சுற்றி இறங்கிவிடும். ஆக, இந்தச் சின்னக் கேள்விக்குக் கட்டணம் கூடுதல்.

அதைவிடப் பெரிய செலவு விலை இடைவெளி. என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவான முதல் டிவிஷனில் 360க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. பருவத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமையில் நூறு ஆட்டத்துக்கு மேல் நடக்கும். டியூக், கான்சஸ் மாதிரி அணிகளின் ஆட்டத்துக்கு ஆள் சேரும். சின்ன கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் அணிகளின் கூட்டமைப்பு) ஆட்டத்தின் இடைவேளைக் கேள்விக்கு யார் வருவார்? வாங்குகிறவர் 44 சென்ட், விற்கிறவர் 52 சென்ட் என்று நிற்பதைப் பார்க்கலாம். அவசரத்தில் 52க்கு வாங்கி, மனம் மாறி உடனே விற்றால் 8 சென்ட் அங்கேயே போச்சு, கட்டணம் தனி. பங்குச் சந்தையில் பழகியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: லிமிட் ஆர்டர் போட்டு, உங்கள் விலைக்கு வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் விடுங்கள்.

இனி சமநிலை. போன சீசனில் ஒரு தளத்தில் இடைவேளை ஒப்பந்தம் 80 வாங்கினேன், தலா 49 சென்ட். கடைசி மூன்று நொடியில் எதிரணி ஒரு மூன்று புள்ளி போட்டு ஸ்கோரைச் சமமாக்கியது. ஸ்போர்ட்ஸ்புக் பழக்கத்தில், பணம் திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சமநிலைக்கு அங்கே தனி ஒப்பந்தம் இருந்தது, என்னுடையது பூஜ்யம். விதி ஒப்பந்தப் பக்கத்திலேயே தெளிவாக இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இதை ஒரு கணக்காக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சமநிலை வாய்ப்பு 5 சதவீதம் என்றால், சமநிலையில் பணம் போகும் சந்தையில் நீங்கள் தரும் விலையை 0.95ஆல் வகுத்துப் பாருங்கள். 50 சென்ட் 52.6 ஆகிவிடும். கட்டணம் சேர்த்து 51.75 என்றால் 54.5. சமநிலையில் பணம் திரும்பும் இடத்தோடு இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். மெதுவாக ஆடும் அணிகளின் ஆட்டத்தில் பந்து கைமாறும் தடவைகள் குறைவு. அதனால் அங்கே சமநிலை வாய்ப்பு இன்னும் கொஞ்சம் கூடும். அந்தக் கால வர்ஜீனியா அணி அதற்குச் சரியான உதாரணம்.

இந்த வழி யாருக்கு நல்லது: ஆட்டத்துக்கு முன்பே தன் சொந்தக் கணக்கில் ஒரு சதவீதத்தை எழுதிவைத்து, பெரிய ஆட்டத்தில் மட்டும், லிமிட் ஆர்டரில் மட்டும் வாங்குகிறவருக்கு. ஸ்போர்ட்ஸ்புக் அனுமதியே இல்லாத டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இருப்பவர்கள் பலர் இங்கே வருவதும் புரிகிறது. ஆனால் அதே காரணத்துக்காகத்தான் மாநிலங்கள் சண்டை போடுகின்றன. 2025இல் நெவாடா, நியூ ஜெர்சி, மேரிலாந்து ஆகியவை கல்ஷியை நிறுத்தச் சொல்லி ஆணை அனுப்பின, வழக்குகள் தொடர்ந்தன. உங்கள் மாநிலத்தில் இன்று என்ன நிலை என்று பார்த்த பிறகே பணத்தை உள்ளே போடுங்கள்.

## வழி 2: ஸ்போர்ட்ஸ்புக்கில் முற்பாதிப் பந்தயம்

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தின் மீதான பழைய மத்தியத் தடையை நீக்கியதிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது சட்டபூர்வம். இங்கே முற்பாதிக்கு இரண்டு மூன்று வடிவம் கிடைக்கும். யார் முன்னிலை என்பது ஒன்று. புள்ளி வித்தியாசம் கொடுத்து ஆடுவது இன்னொன்று. இரு அணி மட்டும் உள்ள பந்தயத்தில் சமநிலை வந்தால் பொதுவாகப் பணம் திரும்பிவிடும். சமநிலையையும் ஒரு தேர்வாக வைக்கும் மூன்று வழிப் பந்தயத்தில் திரும்பாது. ஒரே திரையில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், பார்த்து அழுத்துங்கள்.

செலவு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மைனஸ் 110 என்றால் 100 டாலர் ஜெயிக்க 110 வைக்க வேண்டும். நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கைக்கு நட்டமில்லை. மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: சமநிலையில் பணம் போகும் சந்தையின் 50 சென்ட்டும் (கட்டணம் சேர்க்காமல்), சமநிலையில் பணம் திரும்பும் மைனஸ் 110உம் ஏறக்குறைய ஒன்றுதான். “சந்தையில்தான் மலிவு” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மைனஸ் 120 என்று போட்டிருந்தால் கதை மாறும், அதற்கு 54.5 தேவை.

வயது பெரிய வித்தியாசம். பெரும்பாலான மாநிலங்களில் ஸ்போர்ட்ஸ்புக்குக்கு 21 வயது. கணிப்புச் சந்தைக்கு 18. நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் உள்ளூர்க் கல்லூரி அணிகள் மீது பந்தயம் கட்டவே முடியாது. தொடர்ந்து ஜெயிக்கிறவருக்குப் பந்தய அளவைக் குறைத்துவிடும் வழக்கமும் இந்தத் தொழிலில் உண்டு. எப்போதாவது ஓர் ஆட்டத்துக்கு 20 டாலர் வைத்து, சமநிலை பயமில்லாமல் பார்க்க விரும்பும் 21 வயது தாண்டியவருக்கு இந்த வழி போதும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

## வழி 3: முழு ஆட்ட ஒப்பந்தத்தை வாங்கி இடைவேளையில் விற்பது

பலர் யோசிக்காத வழி இது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

உங்கள் எண்ணம் “இந்த அணி நன்றாகத் தொடங்கும்” என்பதுதான் என்றால், முழு ஆட்ட ஒப்பந்தத்தை முன்கூட்டியே வாங்கி, இடைவேளையின் 15 நிமிடத்தில் விற்றுவிடலாம். அணி 8 புள்ளி முன்னிலையில் இருந்தால் விலை நன்றாக ஏறியிருக்கும். 1 புள்ளி பின்தங்கியிருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். சமநிலையில் எல்லாமே போய்விடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. இடைவேளை ஒப்பந்தத்தில் 1 புள்ளி பின்தங்கினாலும் 20 புள்ளி பின்தங்கினாலும் பூஜ்யம்தான். இங்கே நட்டம், லாபம் இரண்டும் ஆட்டத்தின் அளவோடு சேர்ந்து நகரும். ஆட்களும் அதிகம், விலை இடைவெளியும் குறைவு.

விற்காமல் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இறுதிப் போட்டிகளே சாட்சி. 2016இல் வட கரோலினா இடைவேளையில் 39-34 முன்னிலை, வில்லனோவா 77-74 என்று ஜெயித்தது. 2022இல் அதே வட கரோலினா 40-25 என்று முன்னே நின்றது, கான்சஸ் 72-69 என்று கோப்பையைத் தூக்கியது. 2025இல் ஹூஸ்டன் 31-28 முன்னிலை, ஃப்ளோரிடா 65-63. இந்த மூன்று இரவுகளிலும் “நன்றாகத் தொடங்கும்” என்று சொன்னவர் சொன்னது சரி. இடைவேளையில் விற்றிருந்தால் அவர் கையில் லாபம் இருந்திருக்கும்.

செலவு இரண்டு முறை. 60 சென்ட்டுக்கு வாங்கி 75க்கு விற்றால், அதே சூத்திரத்தின்படி 1.68 சென்ட்டும் 1.31 சென்ட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 3 சென்ட். 15 சென்ட் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு கட்டணமாகப் போகிறது. விலை 3 சென்ட்தான் ஏறும் என்றால் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, ஆட்டம் நடக்கும்போதே வாங்கி விற்கும் ஆசை. ஸ்ட்ரீமிங்கில் நீங்கள் பார்ப்பது அரங்கில் நடந்து முடிந்தது. தாமதம் அரை நிமிடம் என்றால், 30 நொடி ஷாட் கிளாக் உள்ள (அதற்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டிய) ஆட்டத்தில் ஒரு முழு வாய்ப்பு உங்களுக்குத் தெரியாமல் முடிந்திருக்கும். எதிரே விலை வைப்பவரிடம் வேகமான தரவு இருக்கிறது. “விலை ஏன் திடீரென்று மலிவாகிறது?” என்று நீங்கள் சந்தோஷப்படும்போது அங்கே கூடையில் பந்து விழுந்திருக்கும். அதனால்தான் இடைவேளையில் விற்கச் சொல்கிறேன்: கடிகாரம் நின்றிருக்கும், எல்லோருக்கும் ஒரே ஸ்கோர் தெரியும்.

இடைவேளையில் இன்னொரு சபலமும் வரும். 1 புள்ளி பின்தங்கிய அணி வெறியோடு வந்து ஜெயிக்கும் என்று 2011இல் பெர்கர், போப் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அது மிகவும் பிரபலமானது. பின்னால் வந்த பெரிய ஆய்வில் அந்த விளைவு நிலைக்கவில்லை. அதை நம்பி இடைவேளையில் பின்தங்கிய அணியை வாங்க வேண்டாம்.

## வழி 4: பணம் வைக்காமல் கணிப்பது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆட்டத்துக்கு முன்னால் “டியூக் இடைவேளையில் முன்னிலை, 64 சதவீதம்” என்று எழுதுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, 50 ஆட்டத்துக்குச் சராசரி எடுங்கள். எப்போதும் 50 சதவீதம் என்று சொல்கிறவருக்கு 0.25 வரும். உங்களுடையது அதைவிடக் குறையவில்லை என்றால் முதல் மூன்று வழியில் எதற்கும் நீங்கள் தயாராகவில்லை. பக்கத்திலேயே சந்தை விலையையும் எழுதி, அதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சந்தையை முந்துவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துவிடும். செலவு பூஜ்யம், வயது வரம்பு இல்லை, விசா கவலை இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இடைவேளை ஒப்பந்தம் | ஸ்போர்ட்ஸ்புக் முற்பாதி | முழு ஆட்டம் வாங்கி விற்பது | நோட்டுப் புத்தகம் |
|---|---|---|---|---|
| சமநிலை வந்தால் | தனி ஒப்பந்தம் இருந்தால் முழு நட்டம் | இரு வழியில் பணம் திரும்பும் | விலை மட்டும் நகரும் | கணக்கில் 0 |
| செலவு | சுமார் 1.75 சென்ட் + விலை இடைவெளி | விலைக்குள்ளேயே, 52.4க்கு மேல் தேவை | கட்டணம் இரண்டு முறை | இல்லை |
| நடுவில் வெளியேற | முடியும், ஆள் இருந்தால் | தளம் தரும் விலைக்கு மட்டும் | எளிது | தேவையில்லை |
| வயது | 18 | பெரும்பாலும் 21 | 18 | எந்த வயதும் |

## அட்டவணைக்குள் அடங்காத இரண்டு விஷயங்கள்

முதலாவது வரி. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் புதிதாக வந்திருக்கும் மாணவர்கள் பொதுவாக வரிக்கணக்கில் வெளிநாட்டவர். அவர்களுடைய சூதாட்ட வெற்றிக்கு 30 சதவீத வரி, தோற்ற பணத்தைக் கழிக்கவும் முடியாது. 500 டாலர் ஜெயித்து 500 தோற்றாலும் 150 டாலர் வரி. வரிக்கணக்கில் உள்நாட்டவர் ஆனவர்களுக்கும் 2026 முதல் நட்டத்தில் 90 சதவீதம்தான் கழிக்கலாம். கணிப்புச் சந்தை வருமானம் சூதாட்டமா, வேறு வகையா என்பதில் வரித்துறை இன்னும் தெளிவான விதி தரவில்லை. “எனக்குச் சாதகமாக இருக்கும்” என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் ஒரு வரி ஆலோசகரைக் கேளுங்கள். கல்லூரியின் விளையாட்டுத் துறையில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் கல்லூரி ஆட்டங்களில் பணம் வைப்பது என்.சி.ஏ.ஏ. விதிக்கே எதிரானது. அந்த வேலை போனால் திரும்பக் கிடைக்காது.

இரண்டாவது, எனக்கு இன்னும் ஆறாத விஷயம். 2026 ஜனவரியில் பிலடெல்பியாவின் மத்திய அரசு வழக்கறிஞர்கள் 26 பேர் மீது, லஞ்சம் கொடுத்தும் வாங்கியும் கல்லூரி ஆட்டங்களின் போக்கை மாற்றச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். ஓர் ஆட்டத்துக்கு வீரர்களுக்குப் பொதுவாக 10,000 முதல் 30,000 டாலர் வரை லஞ்சம் என்கிறது குற்றப்பத்திரிகை. அதில் முற்பாதிப் பந்தயங்களும் அடக்கம். ஏன் முற்பாதி என்று யோசித்தால் புரியும். 20 நிமிடம் மட்டும் கொஞ்சம் தளர்ந்து ஆடினால் போதும். பிற்பாதியில் ஒழுங்காக ஆடி ஜெயித்தும் விடலாம், யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய விளம்பர ஒப்பந்தப் பணம் எதுவும் இல்லாத சின்னக் கல்லூரி அணியின் 20 வயதுப் பையனிடம்தான் இந்தத் தூண்டில் போகிறது. அதே மாதத்தில் என்.சி.ஏ.ஏ. தலைவர் சார்லி பேக்கர், பாதுகாப்பு ஏற்பாடுகள் வரும்வரை கல்லூரி விளையாட்டுக் கணிப்புச் சந்தைகளை நிறுத்திவைக்கும்படி மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்டார். நான் அவர் பக்கம். குறைந்தபட்சம் சின்ன கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் இடைவேளைக் கேள்விக்காவது சந்தை இருக்கக் கூடாது.

ஒரு வாடிக்கையாளராக யோசித்தாலும் இதில் பாடம் இருக்கிறது. யாரும் பார்க்காத ஓர் ஆட்டத்தின் முற்பாதிக்கு உங்கள் லிமிட் ஆர்டர் உடனே நிறைவேறுகிறது என்றால், எதிரே இருப்பவருக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கலாம்.

## அப்படியானால் எது?

மாணவர் விசாவில் இருந்தால் நான்காவது வழி, வேறு பேச்சே வேண்டாம். 21 தாண்டியவர், வருடத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம்தான் என்றால் ஸ்போர்ட்ஸ்புக்கின் இரு வழிப் பந்தயம். மைனஸ் 110ஐவிட மோசமான விலையில் தொட வேண்டாம். அணிகளை வாரம் முழுவதும் பின்தொடர்ந்து, யார் எப்படித் தொடங்குவார்கள் என்று தெரிந்தவருக்கு மூன்றாவது வழி. இடைவேளை ஒப்பந்தத்தை நான் ஒரே ஒரு சூழ்நிலைக்குத்தான் ஒதுக்கிவைத்திருக்கிறேன்: பெரிய ஆட்டம், ஒரு பக்கம் எட்டு ஒன்பது பேர் ஆடக்கூடிய ஆழமான அணி, மறுபக்கம் ஒரே ஒரு உயரமான வீரரை நம்பி நிற்கும் அணி, நடுவர்கள் முதல் பத்து நிமிடத்தில் விசிலை அதிகம் ஊதுகிறவர்கள். அதுவும் சமநிலைக் கணக்கைப் போட்ட பிறகும் விலை என் எண்ணைவிட 4 சென்ட் குறைவாகக் கிடைத்தால்தான். போன சீசனில் அப்படி எனக்குக் கிடைத்தவை மொத்தம் ஆறு ஆட்டங்கள்.